சும்மாச் செடிகள்

இந்த நாற்காலிக்கு ஒரு கால் கொஞ்சம் குட்டை. குறையாகச் சொல்லவில்லை, ஐயா. அரை மில்லிமீட்டர் இருக்கும். நீங்கள் மேஜையில் டம்ளரை வைக்கும்போதெல்லாம் அது எனக்கு முதுகில் தெரிகிறது. பதினோரு வருஷமாக இலை நடுங்குவதை அளப்பதே பிழைப்பாகப் போனவனுக்கு இப்படிச் சில கெட்ட பழக்கங்கள் ஒட்டிக்கொள்ளும். வேறு நாற்காலி வேண்டாம், இதுவே போதும்.

எழுத்தரம்மா நான் பேசுவதையெல்லாம் திருத்தமான தமிழில் மாற்றி அடிக்கிறார் என்று கவனித்தேன். நான் 'வந்துட்டேன்' என்றால் அவர் 'வந்துவிட்டேன்' என்று போடுகிறார். அதனால் தாளில் நான் நேரில் இருப்பதைவிடக் கொஞ்சம் பண்பானவனாகத் தெரிவேன். படிக்கிறவர்கள் அதைக் கழித்துக்கொண்டு படிக்க வேண்டும்.

என் மச்சினன் செத்தது விபத்து இல்லை என்று சொல்லத்தான் வந்தேன். வாசலில் இருந்த காவலர் 'என்ன விஷயம்' என்று கேட்டபோது இதைத்தான் சொன்னேன். அவர் என் சட்டையையும் கண்ணாடியையும் பார்த்துவிட்டு, தொலைந்துபோன அடையாள அட்டைக்கு வந்தவர்கள் வரிசையில் உட்காரச் சொன்னார். முக்கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். பார்த்தால் யாரும் பயப்படாத முகம் எனக்கு. பள்ளிக்கூடத்தில் நாடகம் போட்டபோது கூட எனக்கு மரம் வேஷம்தான் கொடுத்தார்கள்.

முதலில் என் வேலையைச் சொன்னால்தான் மற்றதெல்லாம் புரியும். புழு ஒன்று கடுகு இலையைக் கடிக்கும்போது அந்த இலை நடுங்குகிறது. கண்ணுக்குத் தெரியாது. தலைமுடிப் பருமனில் நூறில் ஒரு பங்கு கூட இருக்காது. அந்த நடுக்கம் காம்பு வழியாகச் செடி முழுக்க ஓடுகிறது. செடி அதை உணர்ந்துகொண்டு, இன்னும் கடிபடாத இலைகளில் காரத்தை ஏற்றி வைத்துக்கொள்கிறது. கடுகை மென்றால் மூக்கில் ஏறுமே, அந்தக் காரம்தான். புழுவுக்கு அது ஆகாது. இதில் வேடிக்கை என்னவென்றால் புழுவே வேண்டியதில்லை. அது கடிக்கும் நடுக்கத்தைப் பதிவு செய்து, தொட்டிக்கு அடியில் ஒரு சின்ன ஸ்பீக்கரைக் கட்டி ஓட்டினால் போதும். செடி ஏமாந்து காரத்தை ஏற்றிவிடும். காற்றின் நடுக்கத்தை ஓட்டினால் ஏமாறாது. எது கடி, எது காற்று என்று அதற்குத் தெரிகிறது. இதுதான் என் பெயரில் இருக்கும் கண்டுபிடிப்பு. ஒரு கடுகுச் செடியை ஏமாற்றியதற்காக மனிதர்கள் என்னை மேடை மேடையாக ஏற்றினார்கள்.

அலுவலகத்தில் எனக்குப் பட்டப்பெயர் செடிக்காது. முதலில் கோபம் வந்தது, பிறகு யாராவது அப்படிக் கூப்பிடாவிட்டால் கோபம் வந்தது. எட்டாம் வகுப்புப் பாடப் புத்தகத்தில் என் வேலையைப் பற்றி ஒரு பத்தி இருக்கிறது. பக்கத்தில் ஒரு செடிக்கு இரண்டு காது வைத்துப் படம் போட்டிருக்கிறார்கள். அறிவுள்ளவன் அந்தக் காதை அழிக்கச் சொல்லிக் கடிதம் எழுதியிருப்பான். நான் அந்தப் பக்கத்தைச் சட்டம் போட்டு வரவேற்பறையில் மாட்டினேன். ஒரு வானொலிப் பேட்டியில் உங்கள் செடிகளுக்கு என்ன பாட்டுப் பிடிக்கும் என்று கேட்டார்கள். அதற்குப் பத்து நிமிடம் பதில் சொன்ன ஆள் நான்.

வீட்டுக்கு வருகிறவர்களிடம் என் மனைவி, "நான் ரெண்டு தடவ கூப்பிட்டாலும் இவருக்குக் காது கேக்காது. செடிக்கு மட்டும் கேக்குதாம்" என்று சொல்வாள். எல்லாரும் சிரிப்பார்கள். நானும் சிரிப்பேன். அவள் சிரித்ததாக ஞாபகம் இல்லை.

மச்சினன் அவளுடைய தம்பி. அவளைவிட ஆறு வயது இளையவன். அவனுக்கு ஒன்பது வயதில் அம்மா போய்விட்டார், அதற்குப் பிறகு இவள்தான் அம்மா. எங்கள் கல்யாணத்தின்போது அவனும் கூடவே வந்துவிட்டான், ஒரு பெட்டியும் ஒரு உடைந்த ரேடியோவுமாக. ரேடியோவை ஒரே வாரத்தில் பாடவைத்தான். கல்யாணம் பண்ணிக்கொள்ளவில்லை. எங்கள் வீட்டு மாடி அறையில்தான் இருந்தான், எங்களோடுதான் சாப்பிட்டான். என் ஆராய்ச்சி நிலையத்தில் கருவி மெக்கானிக் வேலை. அந்த வேலையை நான்தான் வாங்கிக் கொடுத்தேன் என்று நாலு பேரிடம் சொல்லியிருக்கிறேன். வாக்குமூலம் என்று வந்துவிட்டதால் சொல்கிறேன், அவன் தேர்வெழுதி முதலாவதாக வந்தான், என் சிபாரிசுக் கடிதம் போய்ச் சேருவதற்குள் அவனுக்கு உத்தரவு வந்துவிட்டது. சட்டைப் பையில் எப்போதும் கரண்ட் பார்க்கிற டெஸ்டர் ஒன்று குத்தியிருப்பான், அதனால் எல்லாருக்கும் அவன் டெஸ்டர். என்னை மட்டும் அத்தான் என்பான். முப்பத்தொன்பது வயது.

எங்கள் நிலையத்தில் எதிரெதிராக இரண்டு அறைகள் உண்டு. இரண்டும் ஒரே அளவு, ஒரே விளக்கு, ஒரே குளிர்ச்சி. ஒரு அறையில் பன்னிரண்டு தொட்டி, புழுச் சத்தம் ஓடும். மற்ற அறையில் பன்னிரண்டு தொட்டி, ஒன்றும் ஓடாது. இரண்டையும் ஒப்பிட்டால்தான் வித்தியாசம் சத்தத்தால் வந்தது என்று சொல்ல முடியும். சத்தம் கேட்பவை கச்சேரிச் செடிகள், கேட்காதவை சும்மாச் செடிகள். பெயர் வைத்தது மச்சினன். சும்மாச் செடிகள் இருக்கிற அறைக்கு மௌன அறை என்று நான் பெயர் வைத்தேன். என் பெயரில் ரசனை அதிகம், அவன் பெயரில் விஷயம் அதிகம். எங்கள் இரண்டு பேரையும் பற்றி இதற்கு மேல் சொல்லத் தேவையில்லை.

மௌன அறையின் சுவர் இரண்டு சாண் கனம். கதவு ஓரமெல்லாம் ரப்பர். உள்ளே நின்றால் உங்கள் வயிறு பேசுவது உங்களுக்கே கேட்கும். வெளியே இடி விழுந்தாலும் உள்ளே தெரியாது. உள்ளே இடி விழுந்தாலும் வெளியே தெரியாது. ஆனால் அறை எவ்வளவு மௌனமாக இருந்தாலும், அறைக்குள் இருக்கும் சாமான்கள் வாயை மூடுவதில்லை. கதவை உள்ளிருந்து திறக்கும் கைப்பிடி, காற்று இயந்திரம் ஓடும்போது கடகடவென்று ஆடியது. அதைக் கழற்றச் சொன்னேன். செடிக்குச் சாப்பாடாகக் கொஞ்சம் கரியமில வாயு குழாயில் வரும், அது அளவுக்கு மீறினால் கத்துவதற்கு ஒரு எச்சரிக்கைப் பெட்டி இருந்தது. தான் உயிரோடு இருப்பதைக் காட்ட அது அரை நிமிடத்துக்கு ஒரு தரம் கீச்சென்றது. அதையும் பிடுங்கச் சொன்னேன். கைபேசி அதிர்ந்தால் லேசரில் தெரியும் என்பதால் வெளியே ஒரு தட்டில் வைத்துவிட்டுத்தான் உள்ளே போக வேண்டும். ஆக, மனிதனைக் காப்பாற்றுவதற்கு என்று வைத்த ஒவ்வொன்றும் சத்தம் போட்டது, சத்தம் போட்ட ஒவ்வொன்றையும் நான் எடுத்தேன். இதெல்லாம் இரண்டு வருஷத்துக்கு முன்பு, முழுக்க முழுக்க விஞ்ஞானத்துக்காகச் செய்தது. கைப்பிடியைக் கழற்றும்போது மச்சினன் மட்டும் கேட்டான்.

"உள்ள மாட்டிக்கிட்டா என்ன பண்றது அத்தான்?"

"வெளியில நான் இருப்பேன்ல," என்றேன்.

அவன் தலையாட்டிவிட்டு நாலு திருகாணியையும் கழற்றிப் பையில் போட்டுக்கொண்டான். நான் சொன்னது நடந்தது, ஐயா. வெளியில் நான்தான் இருந்தேன்.

விஷயம் ஆரம்பித்தது ஒரு வியாழக்கிழமை. அவன் தொட்டிகளைக் கழுவ எடுத்துக்கொண்டிருந்தான். என்னைக் கூப்பிட்டான்.

"அத்தான், ஒரு நிமிஷம் இதோட அடிய தொட்டுப் பாருங்க."

தொட்டேன். கச்சேரித் தொட்டி. வெதுவெதுவென்று இருந்தது.

"இப்ப இத."

சும்மாத் தொட்டி. சில்லென்று இருந்தது.

பதினோரு வருஷத்தில் அந்தத் தொட்டிகளில் ஒன்றைக் கூட நான் கையால் தூக்கியதில்லை என்பது அப்போதுதான் எனக்கு உறைத்தது. இலையில் பட்டுத் திரும்பும் லேசரைப் பார்த்திருக்கிறேன், திரையில் ஓடும் கோட்டைப் பார்த்திருக்கிறேன், என் பெயர் அச்சானதைப் பார்த்திருக்கிறேன். தொட்டியைத் தொட்டதில்லை.

"ஸ்பீக்கர் ஓடினா சூடாகும்," என்றான் மச்சினன். "சும்மாச் செடிக்கு ஸ்பீக்கர் கட்டியிருக்கோம், ஆனா ஓட்டல. ரெண்டு டிகிரி வித்தியாசம். நாலு நாளா அளந்து பாத்துட்டேன். காரம் சத்தத்துல ஏறுச்சா சூட்டுல ஏறுச்சான்னு நமக்குத் தெரியாது அத்தான்."

சும்மாச் செடிகளின் ஒயரைப் பிடுங்கச் சொன்னது நான்தான். மௌனத்துக்கு எதற்குக் கரண்ட் என்று அன்றைக்குக் கேட்டேன், பெரிய சிக்கனக்காரன் மாதிரி. அவன் 'உங்களுக்குத் தெரியாது' என்று சொல்லவில்லை, 'நமக்கு' என்று சொன்னான். அந்த மரியாதையை நான் கவனிக்காமல் இல்லை. கவனித்ததால்தான் இன்னும் எரிச்சலாக இருந்தது.

வெள்ளிக்கிழமை முழுவதும் அவனை எப்படிச் சமாளிப்பது என்று யோசித்தேன். அதட்டிப் பார்த்தேன். அவன் அதட்டலுக்கு அடங்குகிற ஆள் இல்லை, சண்டைக்கு வருகிற ஆளும் இல்லை. "நாமளே சொல்லிடலாம் அத்தான். அடுத்தவன் கண்டுபிடிச்சுச் சொன்னா அசிங்கம், நாமளே சொன்னா மரியாதை," என்றான். ஒரு கடிதம் கூட எழுதி வைத்திருந்தான். அதில் 'எங்கள் கவனக்குறைவு' என்று இருந்தது. கவனக்குறைவு முழுக்க என்னுடையது, அதில் பாதியை அவன் எடுத்துக்கொண்டிருந்தான். திங்கட்கிழமை அனுப்பலாம், முதல் கையெழுத்து நீங்கள் போடுங்கள் என்றான். அதற்கு முன்னால் ஒரே ஒரு காரியம் செய்துவிடலாம் என்றும் சொன்னான். சும்மாத் தொட்டிகளுக்கு அடியில் சின்னச் சூட்டுக் கம்பி கட்டி, அவற்றுக்கும் அதே இரண்டு டிகிரியைக் கொடுத்துப் பார்க்கலாம். அப்படியும் கச்சேரிச் செடியில் காரம் கூடினால் நம் கண்டுபிடிப்பு நிலைத்து நிற்கும்.

"நீங்க சொன்னது சரியாவே இருக்கலாம் அத்தான். ஒரு தடவ ஒழுங்கா பாத்துட்டா தீந்துச்சு."

அவன் என்னை ஒழிக்க வரவில்லை, ஐயா. நான் சரி என்று நிரூபிக்கத்தான் வந்தான். இதை நீங்கள் எழுதிக்கொள்ள வேண்டும், செத்துப்போனவனைப் பற்றித் தப்பாக நினைத்துவிடக் கூடாது. ஆனால் நான் சரி என்பது எனக்கு ஏற்கெனவே தெரியும். தெரிந்ததை எதற்குச் சோதிப்பது? சோதித்தால் இரண்டில் ஒன்றுதான் வரும், அந்த இரண்டில் ஒன்று எனக்கு வேண்டாததாக இருந்தது. அன்று ராத்திரி வரவேற்பறையில் காது வைத்த செடிப் படத்துக்குக் கீழே உட்கார்ந்துதான் சாப்பிட்டோம். என் மனைவி அவன் தட்டில் இரண்டாம் தடவை பரிமாறினாள். எனக்கும் கேட்டாள் என்று நினைக்கிறேன். எனக்குக் காதில் விழவில்லை.

சனிக்கிழமை நிலையத்தில் ஆள் இருக்காது. வாசல் காவலாளி பேப்பர் படித்துக்கொண்டிருந்தார். நாங்கள் பத்து மணிக்குப் போனோம். மச்சினன் கைபேசியைத் தட்டில் வைத்துவிட்டு, சூட்டுக் கம்பிகளை எடுத்துக்கொண்டு மௌன அறைக்குள் போனான். தொட்டிகளுக்கு அடியில் ஒவ்வொன்றாகக் கட்ட ஆரம்பித்தான். இன்னும் எதற்கும் கரண்ட் கொடுக்கவில்லை. நான் வெளியே திரை முன்னால் உட்கார்ந்தேன். ஒவ்வொரு செடியிலும் ஒரு இலையில் கடுகளவு வெள்ளிப் பொட்டு ஒட்டியிருக்கும், அதில் லேசர் பட்டுத் திரும்பும், இலை நடுங்கினால் திரையில் கோடு நடுங்கும். பன்னிரண்டு இலைக்குப் பன்னிரண்டு கோடு.

பதினொன்று பத்துக்குக் கதவைச் சாத்தினேன்.

ஐந்து நிமிடம் நிம்மதியாக யோசிப்பதற்காகத்தான் சாத்தினேன் என்று போன வாரம் வரை நம்பிக்கொண்டிருந்தேன். யோசிப்பதற்கு நான் வேறு அறைக்குப் போயிருக்கலாம். தோட்டத்துக்குப் போயிருக்கலாம். கழிப்பறை கூட காலியாகத்தான் இருந்தது. கதவைச் சாத்தியதும் வெளியே இருக்கும் வாயுக் குழாயின் திருகைத் திறப்பது எங்கள் வழக்கம், கை தானாகப் போனது என்றும் நம்பினேன். அந்தத் திருகு வழக்கமாகக் கால் சுற்றுத்தான் திறக்கும். அன்றைக்கு என் கை அதை முழுக்கத் திறந்தது. தானாகப் போகிற கைக்கு அவ்வளவு உற்சாகம் இருக்காது.

பிறகு ஒன்று செய்தேன். இதைச் சொல்ல வெட்கமாக இருக்கிறது, மற்றதைவிட. எதிர் அறைக்கான திருகையும் எழுந்துபோய் அதே அளவு திறந்தேன். அங்கே யாரும் இல்லை, கச்சேரியும் ஓடவில்லை, பன்னிரண்டு செடிகள் மட்டும். ஒரு அறைக்கு மட்டும் வாயுவைக் கூட்டினால் ஒப்பீடு கெட்டுவிடும் என்று தோன்றியது. என்ன ஒப்பீடு, எதற்கு ஒப்பீடு என்று அப்போது கேட்டிருந்தால் எனக்குப் பதில் தெரிந்திருக்காது. பழகின மாடு போல எழுந்துபோனேன், திறந்தேன், வந்து உட்கார்ந்தேன்.

பதினொன்று பதின்மூன்றுக்கு முதல் தட்டு. எனக்குக் கேட்கவில்லை, திரையில் பார்த்தேன். பன்னிரண்டு கோடும் ஒரே நேரத்தில் துள்ளின. முதலில் கதவில் தட்டியிருக்கிறான், கோடுகள் சிறியவை. சிறிது நேரம் கழித்துப் பெரிதாயின. செடிகள் நிற்கும் இரும்பு அலமாரியில் தட்ட ஆரம்பித்திருந்தான். எனக்கு உடனே புரிந்தது. கதவில் தட்டினால் வெளியே கேட்காது, ஆனால் அலமாரியில் தட்டினால் இலை நடுங்கும், இலை நடுங்கினால் அத்தான் திரையில் பார்ப்பார். அந்த நிலைமையிலும் கருவி தெரிந்தவன் கருவி தெரிந்தவன்தான். மூன்று மூன்றாகத் தட்டினான், தற்செயல் என்று நான் நினைத்துவிடக் கூடாதே என்று. அவன் நம்பியது வீண்போகவில்லை. நான் பார்த்துக்கொண்டுதான் இருந்தேன்.

பதினொன்றரைக்கு என் மனைவி கூப்பிட்டாள். முதலில் தட்டில் இருந்த அவன் கைபேசி அதிர்ந்தது, நின்றது, பிறகு என்னுடையது.

"அவன் எடுக்க மாட்டேங்கிறான். எங்க?"

"உள்ள வேலையா இருக்கான்."

"ஒரு மணிக்குள்ள வந்துருங்க ரெண்டு பேரும். ஆறிப்போச்சுன்னா அவன் சாப்பிட மாட்டான்."

"சரி," என்றேன்.

"சொல்லிருங்க அவன்கிட்ட."

"சொல்றேன்."

நான் பேசிக்கொண்டிருந்த அந்த நேரத்தில் மட்டும் முப்பத்தாறு தட்டு. பதிவில் இருக்கிறது. கடைசித் தட்டு பதினொன்று ஐம்பத்து நாலுக்கு. மொத்தம் நாற்பத்தொரு நிமிடம், அறுநூற்றுப் பன்னிரண்டு தட்டு. இறுதியில் மூன்று மூன்றாக வரவில்லை, ஒன்றொன்றாகத்தான் வந்தது. கோடுகள் நேராகிவிட்ட பிறகும் நான் கால் மணி நேரம் உட்கார்ந்திருந்தேன். என் கை நடுங்கவில்லை. நடுக்கத்தை அளக்கத் தெரிந்தவன் என்பதால் உறுதியாகச் சொல்கிறேன்.

மற்றது உங்களுக்குத் தெரியும். திருகுகளை மூடினேன், நூலகத்துக்குப் போய் உட்கார்ந்தேன், திரும்பி வந்து கதவைத் திறந்து காவலாளியைக் கூப்பிட்டேன். நிலையத்தில் ஒரு விசாரணைக் குழு போட்டார்கள். கைப்பிடியைக் கழற்றியது யார் என்று பார்த்தார்கள், பணிக் குறிப்பில் அவன் கையெழுத்து. எச்சரிக்கைப் பெட்டியைப் பிடுங்கியது யார், அவன் கையெழுத்து. வாயுக் குழாயைக் கடைசியாகப் பழுதுபார்த்தது யார், அவன்தான். உள்ளே போனதும் மயங்கிவிட்டிருப்பான், துன்பப்பட்டிருக்க மாட்டான், அவனுடைய கவனக்குறைவே காரணம் என்று அறிக்கை எழுதினார்கள். நான் எதுவும் பொய் சொல்லவில்லை. நூலகத்தில் இருந்தேன் என்று மட்டும் சொன்னேன். கொஞ்ச நேரம் இருந்தேன் அல்லவா.

திங்கட்கிழமை உடலைக் கொடுத்தார்கள். வீடு நிறைய ஆட்கள். பதினொன்றே முக்காலுக்கு நான் பின்வாசல் வழியாக வெளியேறி நிலையத்துக்குப் போனேன். கடி நடுக்கத்தைக் கேட்ட செடி முழுக் காரத்தையும் ஏற்றுவதற்கு நாற்பத்தெட்டு மணி நேரம் ஆகும், அதற்குப் பிறகு இறங்க ஆரம்பித்துவிடும். செடிக்குத் தண்ணீர் ஊற்ற வேண்டும் என்று காவலாளியிடம் சொன்னேன். பாவம், இந்த நேரத்திலும் செடியை மறக்கவில்லையே என்று அவர் கண் கலங்கினார். மௌன அறையில் பன்னிரண்டு இலை, எதிர் அறையில் பன்னிரண்டு இலை கிள்ளி எடுத்து உறையவைத்துவிட்டு வந்தேன். உடலை எடுப்பதற்குள் வந்துவிட்டேன். என் மனைவி என் கையைப் பிடித்துக்கொண்டு அழுதாள், பிறகு அழுகையை நிறுத்திவிட்டு என் விரலை மோந்து பார்த்தாள். ஒன்றும் கேட்கவில்லை. அடுத்த நாள்தான் கேட்டாள், அதுவும் வேறு கேள்வி.

"உள்ள இருந்து தட்டியிருப்பான்ல? யாருக்குமே கேக்கலையா?"

"அந்த ரூம்ல தட்டினா வெளிய கேக்காது," என்றேன்.

அதற்குப் பிறகு அவள் என்னிடம் எதுவும் பேசவில்லை. மாடி அறையில் அவன் கட்டிலில்தான் படுக்கிறாள். இரண்டு வாரமாக வீட்டில் பாத்திரச் சத்தம் கூட இல்லை. நான் கட்டிய மௌன அறைகளிலேயே அதுதான் கச்சிதமானது. அவள் உண்மையைத் தெரிந்துகொள்ள வேண்டும், அதற்காக வந்தேன் என்று உங்களிடம் சொல்லலாம் என்று வரும் வழியில் நினைத்தேன். கேட்பதற்கு நன்றாக இருக்கிறது. மனசாட்சி உறுத்தியது என்றும் சொல்லலாம். உறுத்துமா என்று பத்தொன்பது நாள் காத்திருந்து பார்த்தேன், ஐயா. தூக்கம் நன்றாக வருகிறது. பசிக்கிறது. சாப்பிட உட்கார்ந்தால் அவனுக்கும் ஒரு தட்டு எடுத்து வைத்துவிடுகிறேன், அது உண்மை. ஆனால் நான் இங்கே வந்தது அதனால் இல்லை.

இலைகளை அரைத்துப் பார்த்தேன். எதிர் அறைச் செடிகளைவிட மௌன அறைச் செடிகளில் காரம் மூன்றில் ஒரு பங்கு அதிகம். ஸ்பீக்கர் ஓடவில்லை. சூட்டுக் கம்பியில் கரண்ட் இல்லை. வாயு இரண்டு அறைக்கும் சமம், நானே திறந்தேன். அப்படியானால் மிச்சம் என்ன? அந்தத் தட்டல் மட்டும்தான். பதினோரு வருஷமாக எதையும் கேட்காமல் சும்மா நின்ற செடிகள் அன்றைக்குக் கேட்டன. கடி எது, காற்று எது என்று பிரித்தறியும் செடி, அலமாரியில் விழுந்த அடியை ஆபத்து என்று புரிந்துகொண்டது. மச்சினன் கேட்ட கேள்விக்கு மச்சினனே பதில் கொடுத்துவிட்டுப் போயிருக்கிறான். முடிவு அச்சான தாளை வீட்டில் வைத்துப் பார்த்தபோது அவனைக் கூப்பிட்டுக் காட்ட வேண்டும் என்று எழுந்தே விட்டேன். மாடிப்படியில் பாதி ஏறிய பிறகுதான் ஞாபகம் வந்தது. அங்கேயே உட்கார்ந்து அழுதேன். அந்த அழுகையில் பொய் இல்லை.

இதை உலகத்துக்குச் சொல்ல வேண்டும். ஆனால் எப்படிச் சொல்வது? குழுவின் அறிக்கைப்படி அவன் உள்ளே போனதும் மயங்கிவிட்டான். மயங்கினவன் தட்ட மாட்டான். தட்டியது யார், எத்தனை நேரம், எதன் மேல் என்று எழுதாவிட்டால் என் முடிவை ஒரு பத்திரிகையும் வாங்காது. முறையாக எழுத வேண்டுமானால் நடந்தது நடந்தபடி எங்காவது பதிவாக வேண்டும், கையெழுத்தோடு, முத்திரையோடு. அதற்கு இந்த அலுவலகத்தைவிட நல்ல இடம் எனக்குத் தெரியவில்லை. அதனால்தான் நேரத்தையெல்லாம் நிமிடக் கணக்கில் சொன்னேன். எழுத்தரம்மா, பதினொன்று பதின்மூன்று, பதினொன்று ஐம்பத்து நாலு, இந்த இரண்டையும் ஒரு தரம் சரிபார்த்துவிடுங்கள்.

என்ன கேட்டீர்கள், ஐயா?

ஒரு ஆள் மூடின அறைக்குள் அத்தனை நேரம் கையை ஓங்கி ஓங்கித் தட்டிக்கொண்டிருந்தால் அவன் உடம்புச் சூட்டில் அறை சூடாகாதா என்று கேட்கிறீர்கள். எதிர் அறையில் ஆளே இல்லையே என்கிறீர்கள்.

நீங்கள் தாவரவியல் படித்தவரா? இல்லை. சும்மா தோன்றியதா. சரி.

அறையில் வெப்பமானி இருக்கிறது, அதன் பதிவும் இருக்கிறது. பார்த்தேன், பார்க்காமல் இருப்பேனா. ஏறியிருக்கிறது. இரண்டு டிகிரி. அதெல்லாம் ஒரு பொருட்டில்லை, ஐயா. இரண்டு டிகிரியில் ஒரு செடிக்கு என்ன ஆகிவிடப்போகிறது. செடி கேட்டது, எனக்குத் தெரியும். எழுத்தரம்மா, கதவைச் சாத்தியது, திருகைத் திறந்தது, நாற்பத்தொரு நிமிடம் பார்த்துக்கொண்டு உட்கார்ந்திருந்தது, எல்லாம் அடித்தபடியே இருக்கட்டும், எங்கே வேண்டுமானாலும் கையெழுத்துப் போடுகிறேன். அந்த இரண்டு டிகிரியை மட்டும் எடுத்துவிடுங்கள்.